மார்க் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்

ஆன்லைன் வகுப்பில் ரூப்ரிக் வைத்து மார்க் போடுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதி புகார், கால்வாசி சந்தேகம், மீதி கோபம். இன்னும் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: ரூப்ரிக் என்பது ஒரு அட்டவணை. இடது ஓரத்தில் எதையெல்லாம் பார்த்து மார்க் போடுவோம் என்று இருக்கும், மேலே நான்கைந்து தரநிலைகள் இருக்கும், உள்ளே ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தரத்தில் உள்ள வேலை எப்படி இருக்கும் என்ற விவரம் இருக்கும். இனி கேள்விகளுக்குப் போகலாம்.

கல்லூரியில் ஆன்லைனில் மொழிப்பாடம் எடுக்கிறேன். கட்டுரை அசைன்மென்டுக்கு நான்கு தரநிலையோடு ரூப்ரிக் தயாரித்து, முதல் நாளே ஏற்றிவிட்டேன். அப்படியும் மார்க் வெளியிட்ட அன்று இரவே "மேடம், எனக்கு ஏன் 14?" என்று வரிசையாக மெசேஜ். ரூப்ரிக்கை யாருமே படிப்பதில்லையா? (பிரதியை இணைத்திருக்கிறேன்.)
— விரிவுரையாளர் ஒருவர்

படிக்கிறார்கள் மேடம். படித்துவிட்டு ஒன்றும் பிடிபடாமல் மூடி வைத்துவிடுகிறார்கள். நீங்கள் அனுப்பிய பிரதியில் "ஆதாரங்கள்" என்ற வரிசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கட்டத்தில் "ஆதாரங்கள் மிகச் சிறப்பாகப் பயன்படுத்தப்பட்டுள்ளன". இரண்டாவதில் "சிறப்பாகப் பயன்படுத்தப்பட்டுள்ளன". மூன்றாவதில் "ஓரளவு". நான்காவதில் "மேம்பட வேண்டும்". நான்கு கட்டத்திலும் இருப்பது ஒரே வாக்கியம்தான், அடைமொழி மட்டும் படிப்படியாக இளைத்துக்கொண்டே வருகிறது. இரவு பதினொரு மணிக்கு, முடித்த கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்" என்று பார்க்கும் மாணவிக்கு இதில் என்ன கிடைக்கும்? தன் கட்டுரை சிறப்பா மிகச் சிறப்பா என்பது அவளுக்குத் தெரிந்தால் உங்களிடம் ஏன் படிக்க வரப்போகிறாள்?

நேர் வகுப்பில் இதே ரூப்ரிக்கை வைத்துக்கொண்டு நீங்கள் சமாளித்திருப்பீர்கள். ஏனென்றால் அங்கே ரூப்ரிக் வேலையை உங்கள் வாயும் முகமும் செய்துகொண்டிருந்தன. யாரோ ஒருவர் எழுதியதை வாசிக்கும்போது நெற்றியைச் சுருக்குவீர்கள். "புள்ளிவிவரத்தைக் கொட்டிவிட்டு அப்படியே போகாதீங்க, அது உங்க வாதத்துக்கு எப்படி உதவுதுன்னு ஒரு வரி சொல்லுங்க" என்று போகிறபோக்கில் சொல்வீர்கள், ஐம்பது பேர் காதிலும் அது விழும். ஆன்லைனில் அந்தப் போகிறபோக்கில் சொல்வது என்பதே கிடையாது. வகுப்பு முடிந்ததும் ஜன்னல் மூடிவிடும், நடைபாதையில் நின்று கேட்க ஆளில்லை. அதனால் போகிறபோக்கில் சொல்லியிருப்பீர்களே, அந்த வாக்கியங்கள்தான் கட்டத்துக்குள் போக வேண்டும்.

எப்படி எழுதுவது? யோசித்து எழுதாதீர்கள், பார்த்து எழுதுங்கள். போன பருவத்துக் கட்டுரைகளில் நீங்கள் 18 போட்டது ஒன்று, 14 போட்டது ஒன்று, 9 போட்டது ஒன்று, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஆதாரம் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கண்ணில் படுவதை எழுதுங்கள். நான் செய்து பார்த்தபோது வந்தது இது:

மேல் தரநிலை: ஒவ்வொரு வாதத்துக்கும் ஆதாரம் இருக்கிறது, எங்கிருந்து எடுத்தது என்றும் சொல்லியிருக்கிறார், அது தன் வாதத்தை எப்படித் தாங்குகிறது என்று சொந்த வார்த்தையில் விளக்குகிறார்.

அடுத்தது: ஆதாரமும் இருக்கிறது, எடுத்த இடமும் இருக்கிறது. ஆனால் மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார், தொடர்பை வாசிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அதற்கடுத்தது: சில வாதங்களுக்கு மட்டும் ஆதாரம், அல்லது எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஆதாரம்.

கடைசி: கருத்து மட்டும் இருக்கிறது.

14 வாங்கிய பெண் இதைப் பார்த்தால் "தாவிவிடுகிறார்" என்ற சொல்லிலேயே தன்னை அடையாளம் கண்டுகொள்வாள். அதுவும் சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவே. எழுதி முடித்ததும் சக ஆசிரியர் ஒருவரிடம் ஒரு கட்டுரையையும் ரூப்ரிக்கையும் கொடுத்து எந்தக் கட்டம் என்று கேளுங்கள். இரண்டு கட்டத்துக்கு நடுவில் அவர் திணறினால் வார்த்தை இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. தெளிவு வேண்டுமென்று "5 மேற்கோள் இருந்தால் முழு மார்க்" என்ற பக்கம் போய்விடாதீர்கள். ஐந்து மேற்கோள் வரும், கட்டுரைதான் வராது.

அப்புறம், எவ்வளவு நன்றாக எழுதினாலும் அட்டவணையை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒரு நேரலை வகுப்பில் இருபது நிமிடம் ஒதுக்கி, பழைய கட்டுரை ஒன்றை (எழுதியவரிடம் சம்மதம் வாங்கி, பெயரை எடுத்துவிட்டு) திரையில் போட்டு, மாணவர்களையே மார்க் போடச் சொல்லுங்கள். வாக்கெடுப்பு வசதி பல மீட்டிங் செயலிகளில் இருக்கிறது. பாதிப் பேர் இரண்டாவது கட்டம், பாதிப் பேர் மூன்றாவது கட்டம் என்று பிரிவார்கள், அங்கே தொடங்கும் வாக்குவாதத்தில்தான் ரூப்ரிக் அவர்கள் தலைக்குள் இறங்கும்.

ரூப்ரிக் என்பதற்குத் தமிழில் நல்ல சொல் இல்லையா? அதென்ன ரூப்ரிக்?
— தமிழ் ஆர்வலர்

மதிப்பீட்டு அளவுகோல், மதிப்பீட்டு அட்டவணை, மதிப்பீட்டுச் சட்டகம் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். எனக்கு மதிப்பீட்டு அட்டவணை பிடிக்கும், ஆனால் ஆசிரியர்கள் பேசிக்கொள்ளும்போது ரூப்ரிக் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் இங்கேயும் அப்படியே விட்டிருக்கிறேன். மூலச்சொல் லத்தீனில் செம்மண்ணைக் குறிப்பது. ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளில் தலைப்புகளையும், பிரார்த்தனை நூல்களில் சடங்கை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்புகளையும் சிவப்பு மையில் எழுதுவார்கள், அதற்குத்தான் அந்தப் பெயர். சிவப்பு மையில் தொடங்கிய சொல் கடைசியில் வாத்தியார் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

எங்கள் ஆன்லைன் கோர்ஸில் மார்க் வந்த பிறகுதான் ரூப்ரிக்கே கண்ணில் பட்டது. "விளக்கப்படம் 5 மார்க்" என்று அதில் இருக்கிறது. விளக்கப்படம் வேண்டும் என்று கேள்வியில் எங்கேயும் இல்லை. ஆசிரியரிடம் கேட்டால் "முதலிலேயே போட்டிருந்தேனே" என்கிறார். யார் சொல்வது சரி?
— இரண்டாமாண்டு மாணவர்

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்பு இருக்கிறது தம்பி. மூடுல் போன்ற ஆன்லைன் பாடத் தளங்களில் ரூப்ரிக்கை மாணவர்கள் முன்கூட்டியே பார்க்கலாமா, மதிப்பிட்ட பிறகுதான் பார்க்க முடியுமா என்று தேர்ந்தெடுக்க ஒரு சின்ன டிக் பெட்டி இருக்கிறது. அதில் டிக் இல்லாமல் போய்விட்டால் ஆசிரியர் திரையில் ரூப்ரிக் ஜம்மென்று இருக்கும், உங்கள் திரையில் ஒன்றும் இருக்காது. அதனால் "நீங்கள் போடவே இல்லை" என்று ஆரம்பிக்காதீர்கள். "எங்களுக்கு மார்க் வந்த பிறகுதான் தெரிந்தது, அமைப்பில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்க முடியுமா" என்று, முடிந்தால் நாலைந்து பேர் சேர்ந்து, ஸ்கிரீன்ஷாட்டோடு கேளுங்கள். அப்படி மறைந்துதான் இருந்தது என்றால் அந்த 5 மார்க்கை ஒதுக்கிவிட்டு மீதிக்குக் கணக்குப் போடச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. சொல்லாத ஒன்றுக்கு மார்க் குறைப்பதை எந்த ஆசிரியரும் மனசார ஆதரிக்க மாட்டார்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு: மாணவர் கணக்கில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கும் வசதி பெரும்பாலான தளங்களில் உண்டு. அசைன்மென்ட் திறப்பதற்கு முன் ஒருமுறை அதில் போய்ப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

கலந்துரையாடல் பகுதியில் ஒவ்வொருவரும் ஒரு பதிவு போட்டு, மற்றவர் பதிவுக்கு இரண்டு பதில் எழுத வேண்டும் என்று ரூப்ரிக்கில் வைத்திருக்கிறேன். எல்லோரும் தவறாமல் செய்கிறார்கள். ஆனால் வரும் பதில் எல்லாம் "அருமையான கருத்து, நானும் உடன்படுகிறேன்" என்ற ஒரே மாதிரிதான். சலிப்பாக இருக்கிறது.
— மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்

நீங்கள் கேட்டதைத்தான் சார் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பதில் கேட்டீர்கள், இரண்டு வந்தது. ரூப்ரிக் எண்ணினால் பிள்ளைகளும் எண்ணுவார்கள், அது அவர்கள் தப்பில்லை.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு குழுத் திட்டத்துக்கு, "விளக்கக்காட்சியில் எல்லா உறுப்பினரும் பேச வேண்டும்" என்று ஒரு வரிசை வைத்தேன். நோக்கம் என்ன, யாரும் ஒதுங்கக் கூடாது என்பது. நடந்தது என்ன, ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒரு பையன் முழுக்கப் பேசினான், மற்ற நால்வரும் ஆளுக்கு ஒரு வரி வாசித்துவிட்டு மைக்கை மூடினார்கள். ரூப்ரிக்படி அத்தனை பேருக்கும் முழு மார்க். நான் எழுதிய கட்டத்தை நானே மீற முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். அடுத்த பருவத்தில் அந்த வரிசையைத் தூக்கிவிட்டு, "எந்த உறுப்பினரிடம் எந்தப் பகுதியைப் பற்றிக் கேட்டாலும் பதில் சொல்ல முடிகிறது" என்று மாற்றினேன். ஒரே வரிதான். ஒத்திகையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நல்ல பதில் என்ன செய்யும்? முன்னவர் சொல்லாத ஒரு உதாரணம் தரும், அல்லது அவர் சொன்னது எங்கே பொருந்தாது என்று காட்டும், அல்லது அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வி கேட்கும். இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால் மேல் கட்டம். முன்னவர் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னால் நடுக் கட்டம். பாராட்டு மட்டும் என்றால் கீழ்க் கட்டம், பாராட்டுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதற்கு மார்க் கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். இரண்டு பதில் என்பதை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். மாணவர்களுக்கும் மூச்சு விடலாம், உங்களுக்கும் படிக்க ஏதாவது கிடைக்கும்.

கூடவே இன்னொருவர் கேட்டிருக்கிறார், கேமரா ஆன் செய்திருந்தால் பங்கேற்பு மார்க் தரலாமா என்று. வேண்டாம். வீட்டில் இடம் எப்படி, இணைய வேகம் எப்படி என்பதற்கு மார்க் போட்டதாக ஆகிவிடும்.

ஒரே பாடத்தை நாங்கள் மூன்று பேர் மூன்று பிரிவுக்கு ஆன்லைனில் எடுக்கிறோம். ரூப்ரிக் ஒன்றுதான். இருந்தும் "அந்த சார் பிரிவில் மார்க் தாராளம்" என்று மாணவர்கள் பேசுகிறார்கள். ரூப்ரிக் இருந்தும் இப்படி நடக்குமா?
— உதவிப் பேராசிரியர்

நன்றாக நடக்கும். ரூப்ரிக் இல்லாவிட்டால் இதைவிட மோசமாக நடக்கும் என்பது மட்டும்தான் ஆறுதல். இது நூறு வருஷத்துக்கு மேல் பழைய தலைவலி. 1912ல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பி நூற்றுக்கு மார்க் போடச் சொன்னார்கள். 142 பேர் போட்டு அனுப்பியதில் ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை வந்தது. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று சிலர் சொல்ல, அடுத்த வருஷமே வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதில் இடைவெளி இன்னும் அதிகம். 1961ல் டீடரிக் என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் 300 கட்டுரைகளை, பல துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து, எதைப் பார்த்துப் போட வேண்டும் என்று சொல்லாமல், ஒன்பது தரங்களில் ஒன்றைப் போடச் சொன்னார்கள். 94 சதவீதக் கட்டுரைகளுக்கு ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு தரங்கள் கிடைத்தன. அதாவது ஒரே கட்டுரை ஒருவர் கையில் முதல் வரிசை, இன்னொருவர் கையில் கிட்டத்தட்டக் கடைசி. யாரும் அலட்சியமாகப் போட்டதில்லை. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் இலக்கணத்தைப் பார்த்தார், ஒருவர் நடையைப் பார்த்தார்.

ரூப்ரிக் இதில் பாதியைச் சரிசெய்கிறது, எதைப் பார்ப்பது என்பதை ஒன்றாக்கிவிடுகிறது. "தெளிவாக விளக்குகிறார்" என்பதில் எது தெளிவு என்ற மீதிப் பாதி உங்கள் மூன்று பேர் தலைக்குள் மூன்று விதமாக இருக்கிறது. அதற்கு ஒரே வழி, மார்க் போட ஆரம்பிப்பதற்கு முன் ஐந்து விடைகளை எடுத்து, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் மூவரும் போட்டு, வீடியோ காலில் உட்கார்ந்து வித்தியாசம் வந்த கட்டங்களை மட்டும் பேசுவது. ஒரு மணி நேரம் ஆகும். பேசி முடிவெடுத்ததை ("ஒரு உதாரணமாவது இருந்தால்தான் தெளிவு என்று கொள்வோம்") ரூப்ரிக்குக்குக் கீழே எழுதி வையுங்கள், மாணவர்களுக்கும் காட்டுங்கள். இதில் சீனியாரிட்டி பார்க்காதீர்கள். மூத்தவர் போட்டதுதான் சரி என்று முதலிலேயே முடிவானால் மற்ற இருவரும் அவர் முகத்தைப் பார்த்து மார்க் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

ரூப்ரிக் படைப்பாற்றலைக் கொல்கிறது என்று நான் சொல்கிறேன். என் மகன் வித்தியாசமாகச் செய்தால் மார்க் குறைகிறது, கட்டத்தை நிரப்பினால் மார்க் ஏறுகிறது. மறுக்க முடியுமா?
— ஒரு தந்தை

முழுசாக மறுக்க மாட்டேன். தரவு அறிக்கை ஒன்று கேட்டிருந்தேன், "முடிவுரை" என்று ஒரு வரிசை, 5 மார்க். ஒரு மாணவர் முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, ஒவ்வொரு வரைபடத்துக்கும் கீழே அது ஏன் அந்த முடிவுக்குக் கொண்டுபோகிறது என்று எழுதியிருந்தார். வகுப்பிலேயே நல்ல அறிக்கை அதுதான். கடைசியில் முடிவுரை என்ற பத்தி மட்டும் இல்லை. ரூப்ரிக்படி 5க்கு 0. அந்தப் பருவத்தில் அப்படியே விட்டுவிட்டேன், இன்றுவரை உறுத்துகிறது. தப்பு எங்கே என்றால், முடிவை வாசகர் தெரிந்துகொள்கிறாரா என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில் பத்தி இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். இப்போது வடிவத்தை விட்டுவிட்டு, அந்த வடிவம் எதற்காக என்பதை மட்டும் கட்டத்தில் எழுதுகிறேன்.

இதற்கென்றே ஒற்றைத் தரநிலை ரூப்ரிக் என்று ஒரு வகை உண்டு. நடுவில் ஒரே ஒரு பத்தி, எதிர்பார்ப்பு இதுதான் என்று. இடது பக்கம் காலி, எதில் குறைகிறது என்று ஆசிரியர் எழுதுவார். வலது பக்கமும் காலி, எதிர்பார்த்ததைத் தாண்டி என்ன செய்திருக்கிறார் என்று எழுத. மேல் தரம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே விவரிக்காததால் அங்கே எதுவும் வரலாம். கதை, வடிவமைப்பு, திட்டப்பணி போன்றவற்றுக்கு நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். எழுதத்தான் நேரமாகும், இருநூறு பேர் இருக்கும் வகுப்புக்குச் சரிவராது. உங்கள் மகனின் ஆசிரியரிடம் இந்த வகையைச் சொல்லிப் பாருங்கள், சண்டையாக இல்லாமல்.

ரூப்ரிக்கில் எல்லா வரிசைக்கும் 4, 3, 2, 1 என்று மார்க் வைத்திருக்கிறேன். கூட்டினால் வரும் மொத்தம் பல நேரம் என் மனதுக்கு ஒத்துவருவதில்லை. எங்கே தப்பு?
— ஆன்லைன் பயிற்றுநர்

கணக்கில். நான்கு வரிசை என்று வைத்துக்கொள்வோம்: வாதம், ஆதாரம், மொழிநடை, வடிவமைப்பு. முதல் மாணவருக்கு வாதத்திலும் ஆதாரத்திலும் 4, மற்ற இரண்டிலும் 1. மொத்தம் 10. இன்னொருவர் அச்சுப் பிசகாமல், அழகாக, ஒன்றுமே சொல்லாமல் எழுதியிருக்கிறார், அவருக்கு 1, 1, 4, 4. அவருக்கும் 10. பதினாறுக்குப் பத்து, இருவருக்கும் 62.5 சதவீதம். உங்கள் மனது ஒத்துக்கொள்ளாததில் ஆச்சரியமில்லை.

வரிசைகளுக்கு 40, 30, 20, 10 என்று எடை வைத்துப் பாருங்கள். முதல் ஆளுக்கு 77.5 வரும், இரண்டாவது ஆளுக்கு 47.5. ரூப்ரிக்கில் நீங்கள் எதை முக்கியம் என்று நினைக்கிறீர்கள் என்பதை மாணவர் இந்த எண்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார், முன்னுரையைப் பார்த்து அல்ல. வடிவமைப்புக்கும் வாதத்துக்கும் ஒரே மார்க் என்றால் எழுத்துரு தேர்ந்தெடுப்பதில் மாலை முழுக்கப் போய்விடும்.

இன்னொரு விஷயம், கீழ்த் தரநிலைக்கு 1 வைப்பதால் ஒன்றுமே செய்யாதவருக்கும் 25 சதவீதம் கிடைக்கிறது. மூடுலில் இது இன்னும் குழப்பம்: ஒரு அமைப்பைப் பொறுத்து, எல்லாவற்றிலும் கீழ்க் கட்டம் வாங்கியவருக்கு அது 25 என்றும் காட்டலாம், 0 என்றும் காட்டலாம். பேசாமல் கீழ்க் கட்டத்துக்கு 0 வைத்துவிடுங்கள், அந்தப் பிரச்சினையே வராது.

120 மாணவர்கள். ரூப்ரிக் வைத்தால் நேரம் மிச்சம் என்றார்கள். எனக்கு இரட்டிப்பாகிவிட்டது. 11 வரிசை, 5 தரநிலை.
— களைத்துப்போன ஆசிரியை

55 கட்டம் மேடம்! 120 பேருக்கு 1,320 முறை முடிவெடுக்கிறீர்கள். கூகுள் கிளாஸ்ரூமில் 50 வரிசை வரை வைக்க இடம் இருக்கிறது என்பதற்காக வைக்கக் கூடாது. நான்கு அல்லது ஐந்து வரிசை, மூன்று அல்லது நான்கு தரநிலை, அதற்கு மேல் போனால் மாணவரும் படிக்க மாட்டார், நீங்களும் களைத்துப்போய் நடுக் கட்டத்தையே கிளிக் செய்துகொண்டு போவீர்கள். இந்த அசைன்மென்டில் புதிதாகக் கற்க வேண்டியது எதுவோ அதற்கு மட்டும் வரிசை. பெயர், பதிவு எண், பக்க எண்ணிக்கை எல்லாம் மார்க்கில்லாத ஒரு சரிபார்ப்புப் பட்டியலாகப் போகட்டும், அதை மாணவரே டிக் செய்துவிட்டு ஏற்றட்டும்.

முடிந்தால் ஒரு மாணவருக்கு எல்லா வரிசையும் என்று போகாமல், ஒரு வரிசையை எல்லா மாணவருக்கும் முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்ப் பாருங்கள். ஒன்றில் அசத்தியவருக்கு மற்றதிலும் தாராளமாகப் போடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு, 1920லேயே தார்ன்டைக் என்ற உளவியலாளர் இதை ஒளிவட்ட விளைவு என்று எழுதிவைத்திருக்கிறார். வரிசை வரிசையாகப் போனால் அது குறையும்.

கருத்து எழுதுவதிலும் கைவையுங்கள். கட்டத்தில் இருப்பதையே மறுபடி கருத்தாக எழுத வேண்டாம். ஒருவருக்கு ஒரே ஒரு வாக்கியம், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று. அதையும் மார்க்கோடு சேர்த்து அனுப்பாமல் இரண்டு நாள் முன்னதாக அனுப்பிப் பாருங்கள். ரூத் பட்லர் 1988ல் வெளியிட்ட ஆய்வில் கருத்து மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள், கருத்தோடு மார்க்கும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் எழுத்து கண்ணில் படாமல் போய்விடுகிறது, நம் எல்லோருக்கும் அப்படித்தானே.

ரூப்ரிக்கை ஏஐயிடம் எழுதச் சொல்லலாமா? மாணவர்கள் அதே ரூப்ரிக்கை ஏஐயிடம் கொடுத்துக் கட்டுரை வாங்கிவிடுகிறார்களே?
— பெயர் வேண்டாம்

எழுதச் சொல்லலாம், ஆனால் முதல் கேள்வியில் பார்த்த அந்த இளைக்கும் அடைமொழி அட்டவணைதான் பெரும்பாலும் வரும், பார்க்க அழகாக. பழைய விடைத்தாள்களைப் பார்த்து நீங்கள் திருத்தாத வரைக்கும் அது உங்கள் வகுப்பின் ரூப்ரிக் ஆகாது. திருத்தும்போது அந்த விடைத்தாள்களை அப்படியே அதில் ஏற்றிவிடாதீர்கள், மாணவர் பெயர் இருக்கும்.

இரண்டாவது பாதி கஷ்டமானது. தெளிவான ரூப்ரிக் மாணவருக்கு எவ்வளவு உதவுமோ அவ்வளவு இயந்திரத்துக்கும் உதவும். அதற்காகத் தெளிவைக் குறைத்தால் நேர்மையாக எழுதுபவர்தான் அடிவாங்குவார். நான் செய்வது, முடிந்த கட்டுரைக்கான எடையைக் குறைத்து வழிக்கு மார்க் வைப்பது: முதல் வரைவு, அதற்கு வந்த கருத்து, அதைப் படித்து எதை மாற்றினார், எதை மாற்ற மறுத்தார், ஏன். பிறகு மூன்று நிமிடம் பேசச் சொல்வது. இதனால் முழுக்கத் தடுத்துவிடலாம் என்று சொல்ல மாட்டேன்.

என் மகளுக்குப் பத்து வயது. ஆன்லைன் வகுப்பில் ஒரு பெரிய அட்டவணை அனுப்புகிறார்கள். எனக்கே தலை சுற்றுகிறது. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
— ஒரு தாய்

மேல் தரநிலைப் பத்தியை மட்டும் பாருங்கள், மற்றதை மறைத்துவிடுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியத்தையும் "நான்" என்று தொடங்கும்படி மாற்றி அவளையே எழுதச் சொல்லுங்கள்: "நான் என் பதிலுக்குக் காரணம் சொல்லியிருக்கிறேன்", "நான் படத்துக்குப் பெயர் எழுதியிருக்கிறேன்". செய்து முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் தன் தாளில் அது எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டட்டும். காட்ட முடியாத இடத்தில் அவளே பென்சிலை எடுப்பாள். நீங்கள் திருத்திக் கொடுக்காதீர்கள்.

தாமதமாகச் சமர்ப்பித்தால் ரூப்ரிக்கில் ஒரு வரிசை வைத்து மார்க் குறைக்கலாமா?
— புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்

ரூப்ரிக்குக்குள் வைக்காதீர்கள். நன்றாக எழுதி இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தவருக்கும், சுமாராக எழுதி நேரத்துக்குக் கொடுத்தவருக்கும் ஒரே எண் வந்து நிற்கும், அந்த எண்ணைப் பார்த்து யார் எதைக் கற்றார் என்று உங்களுக்கே தெரியாது. ரூப்ரிக் மார்க் தனியாக இருக்கட்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு குறையும் என்பது தனி விதியாக, பாடத்திட்டப் பக்கத்தில் முதல் நாளே இருக்கட்டும். டெட்லைன் இரவு 11:59 என்று போடுகிறீர்கள் என்றால் எந்த நேர மண்டலத்தின் 11:59 என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். ஆன்லைனில் யார் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.